இமை மூடியபின் தோன்றும் ஒளி

மலர்க் குழுவினர் நமது விடுதி வாழ்க்கையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தருமாறு பணித்தனர். விடுதிச் சோற்றையும், உதைபந்தாட்டத்தையும், நாடக மேடையில் வேடம் கலைந்த கதைகளையும் என்னிலும் சுவைபட எழுத வல்ல நண்பர் பலர் உளர். அவற்றை அவர்களுக்கே விட்டு, நாள்தோறும் மாலைப் பிரார்த்தனையின் முடிவில் நாம் கண்களை மூடி அமர்ந்திருந்த அந்த ஐந்து நிமிட நேரத்தைப் பற்றி எழுத எண்ணினேன். அப்பொழுது இமைகளுக்குள் தோன்றிய ஒளிகளே எனக்கு விஞ்ஞானத்தின் முதற்பாடமாயின. அப்பாடத்தின் ஒரு பாதியை நன்றாக நினைவில் வைத்திருந்தேன், மறுபாதியை மறந்தேன். அம்மறதிக்கு விலை கொடுத்தவன் நானல்லன். அதனாலேயே இதனை எழுதுகிறேன்.

1961 ஆம் ஆண்டு நான் விடுதியிற் சேர்ந்தேன். பிரார்த்தனை மண்டபத்தின் யன்னல்கள் வாவியை நோக்கியிருந்தன. பொழுது சாய்ந்ததும் உப்புக் காற்று உள்ளே வரும். தேவாரம் ஓதி, கற்பூரம் காட்டி, திருநீறு பூசியபின் விளக்கைத் தணித்துவிட்டு மௌனமாக இருக்கவேண்டும் என்பது விதி. சிறுவர்களாகிய எமக்கு மௌனம் எளிதாயிருக்கவில்லை. கண்ணை மூடினாலோ உள்ளே இருள் இல்லை. முதலில் கற்பூரச் சுடரின் உருவம் பச்சையும் ஊதாவுமாக மிதந்து மெல்லக் கரையும். அதன் பின்னர் மணல் தூவினாற்போலப் புள்ளிகள் தோன்றும். சிறிது நேரஞ்செல்ல, வலைக்கண்கள் போன்ற கோடுகளும், சுழலும் வட்டங்களும், நீர்மேற் படரும் எண்ணெய் போன்ற நிறத்திட்டுக்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகும்.

பிரார்த்தனை முடிந்து படுக்கைக்குச் செல்லும் வழியில் அவரவர் கண்டதை ஒப்பிட்டுப் பேசுவோம். ஒருவன் மயிற்றோகையைக் கண்டேன் என்பான். மற்றொருவன் வேலைக் கண்டேன் என்பான். நானோ ஒரு தந்திரத்தைக் கண்டுபிடித்திருந்தேன். விரல் மடிப்பினால் இமையை அழுத்தினால், வேண்டியபொழுது ஒளிச்சக்கரம் ஒன்றை வரவழைக்கலாம். அந்தத் தந்திரத்தை மறைத்து, சக்கரத்தை மட்டும் வருணித்தேன். சில நாட்களில் எனக்குப் 'பெரிய தவசி' என்று பெயர் வந்துவிட்டது. அதனை உண்மையாகவே நம்பியவன், எனக்கு அடுத்த பாயிற் படுப்பவன், படுவான்கரையிலிருந்து வந்தவன், தடித்த கண்ணாடி அணிந்தவன். அவன் என்னிடம் ஒரு நாள், "மச்சான், உனக்கு வாற வெளிச்சம் எனக்கு ஏன் வருகுதில்லை?" என்று கலங்கிக் கேட்டான். அக்கேள்வி எங்கள் விஞ்ஞான ஆசிரியரின் செவிக்கும் எட்டியது.

ஆசிரியர் சினக்கவில்லை, நகைக்கவுமில்லை. மறுநாள் மாலை எங்கள் இருவரையும் வேறு நால்வரையும் வாவிக்கரைக்கு அழைத்துச் சென்று அமரச் செய்தார். "எல்லாரும் கண்ணை மூடுங்கள். வலக்கண்ணின் வெளிமூலையில், காதுப் பக்கமாக, இமையின்மேல் விரல்நுனியை வைத்து மிக மெதுவாக அழுத்துங்கள். வெளிச்சம் எந்தப் பக்கம் தெரிகிறது?" என்றார். நாங்கள் அறுவரும் ஒரே குரலில், "மூக்குப் பக்கம், சேர்!" என்றோம். என் நண்பனுடைய முகம் மலர்ந்தது. அவனுக்கும் வெளிச்சம் வந்துவிட்டது. என் தவமும் அன்றோடு முடிந்தது.

காதுப் பக்கம் அழுத்த, மூக்குப் பக்கம் ஒளி தோன்றுவது ஏன்? ஆசிரியர் ஈர மணலில் ஒரு வட்டம் வரைந்து விளக்கினார். கண்ணின் முன்புறத்திலுள்ள வில்லை, வெளியுலகின் உருவத்தைத் தலைகீழாகவும் இடவலமாகவும் மாற்றியே பின்புறத்து விழித்திரையில் வீழ்த்துகிறது. மூக்குப் பக்கத்திலிருந்து வரும் ஒளி விழித்திரையின் காதுப் பக்கத்திலேயே படும். ஆகவே, காதுப் பக்கத்து விழித்திரை எதனாலே தூண்டப்பட்டாலும், மூளை அதனை மூக்குப் பக்கத்திலிருந்து வந்த ஒளி என்றே கொள்ளும். "கோயில் மணியைப் பூசகர் அடித்தாலும், இரவிலே வௌவால் வந்து மோதினாலும் எழுவது மணியோசைதான். தூரத்திலே படுத்திருப்பவன் பூசை நடக்கிறது என்றே நினைப்பான். கண்ணும் அப்படித்தான்" என்றார்.

ஆசிரியர் எளிய உவமையாற் கூறிய இவ்வுண்மைக்கு நீண்ட வரலாறு உண்டு என்பதைப் பின்னாளில் நூல்களில் வாசித்து அறிந்தேன். 1660களில், இருபது வயதைச் சற்றே கடந்திருந்த ஐசாக் நியூற்றன், மழுங்கிய ஊசி ஒன்றைத் தம் கண்ணுக்கும் கண்குழி எலும்புக்கும் இடையே செலுத்தி அழுத்தி, அப்பொழுது தோன்றிய நிறவளையங்களைத் தம் குறிப்பேட்டில் வரைந்து வைத்தார். அறிவு வேட்கைக்கும் ஓர் எல்லை வேண்டும். அன்பர் எவரும் இதனைப் பின்பற்றலாகாது. செக் நாட்டு உடற்றொழிலியல் அறிஞர் யான் புர்க்கினே, 1819 இல் வெளிவந்த தம் ஆராய்ச்சியில், கண்ணை அழுத்தும்போதும் வேறுவகையாற் கண் தூண்டப்படும்போதும் தாம் கண்ட சதுரக்கட்டங்களையும் வளையங்களையும் படங்களாக வரைந்து வெளியிட்டார். யொகான்னெஸ் மியூலர் என்னும் ஜேர்மானியர் 1826 இல், ஒவ்வொரு புலனின் நரம்பும் தன்னைத் தூண்டியது யாதாயினும் தனக்குரிய ஓர் உணர்ச்சியையே தரும் என்று விதியாகக் கூறினார். எங்கள் ஆசிரியரின் கோயில் மணி, மியூலரின் விதியேயாகும். 1969 இல் அப்பல்லோ 11 விண்கலத்திற் சந்திரனுக்குச் சென்ற பஸ் ஓல்ட்றின், இருளிலே ஒளித்தெறிப்புக்களைக் கண்டதாகக் கூறினார். அதன்பின் சென்ற விண்வெளி வீரர்களும், கண்ணை மூடியிருந்தபோதும் அவற்றைக் கண்டனர். அண்டவெளியிலிருந்து வரும் நுண்துகள்கள் கண்ணை ஊடுருவிச் செல்வதே அதற்குக் காரணம் என ஆராய்ந்து கண்டனர். அங்கேயும் மணியை அடித்தது வேறொரு கை.

அழுத்தாமலே தோன்றும் மணற்புள்ளிகளுக்குக் காரணம் யாது? மனிதனின் ஒரு கண்ணில் ஏறக்குறைய 9 கோடி கோற்கலங்கள் உள்ளன. மங்கிய ஒளியிற் காண உதவுபவை இவையே. ஒவ்வொரு கோற்கலத்திலும் றொடொப்சின் என்னும் ஒளியுணர் பொருளின் மூலக்கூறுகள் சுமார் 10 கோடி அடங்கியுள்ளன. ஒளி பட்டால் மூலக்கூறு வடிவம் மாறும். அம்மாற்றமே பார்வையின் தொடக்கம். ஆனால் உடலின் வெப்பத்தினாலும் அவை, மிக அரிதாக, ஒளியின்றியே வடிவம் மாறுவதுண்டு. குரங்கின் விழித்திரையில் 1984 இல் அளந்து பார்த்தபோது, ஒரு கோற்கலத்தில் இத்தகைய பொய்ச்செய்தி சுமார் 160 செக்கனுக்கு ஒருமுறையே எழுந்தது. ஒரு தனி மூலக்கூறு தானாகவே தவறுவதற்குச் சராசரியாக ஐந்நூறு ஆண்டுகள் செல்லும் என்பது இதன் பொருள். இவ்வளவு நம்பிக்கையான காவலாளி வேறெங்கும் இல்லை எனலாம். எனினும், நம் கண்ணிலும் அதே அளவிலேயே நிகழ்கிறதென்று கொண்டு, காவலாளர் தொகையாற் பெருக்கிப் பாருங்கள்: ஒரு கண்ணில் ஒவ்வொரு செக்கனும் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட பொய்ச்செய்திகள் எழுகின்றன! நரம்புகளின் ஓயாத சொந்த இயக்கமும் இதனோடு சேர, முழு இருளிலும் நாம் காண்பது கருமையாக இல்லாமல், நுண்புள்ளிகள் அசையும் ஒரு சாம்பல் நிறமாக இருக்கிறது. கற்பூரச் சுடரின் பச்சை உருவமோ, ஒளியில் களைத்த கலங்கள் மீண்டும் தெளிவு பெறும் வரை நிலைக்கும் எச்சமேயாம்.

வலைக்கண்ணும் சுழலும் சக்கரமும் அப்புள்ளிகளினும் வியப்புக்குரியன. 1920களில் ஹைன்றிக் குளூவர் என்பவர், ஒருவகைக் கள்ளிச்செடியின் மயக்கத்திற் பலரும் காணும் உருவங்களை ஆராய்ந்து, அவை பெரும்பாலும் நான்கே வகையின என்று கண்டார்: வலை அல்லது தேனடை, சிலந்திக்கூடு, குகைவழி, சுருள். மனிதர் வேறு, மனம் வேறு, உருவங்கள் மட்டும் ஒன்றாயிருப்பது ஏன்? 1979 இல் ஏர்மன்ற்றூட், கோவன் என்னும் இருவர் கணிதத்தால் விடை கூறினர். விழித்திரையின் செய்தி மூளையின் பின்புறத்திலுள்ள பார்வைப் பகுதிக்குச் செல்லும்போது, நடுவைச் சுற்றிய வட்டங்களும் நடுவிலிருந்து விரியும் கதிர்களும் அங்கே ஏறக்குறைய நேர்கோடுகளாகப் பதிகின்றன. ஆகையால், மூளையின் அப்பகுதியிலே நேர்வரிசையான கிளர்ச்சியலைகள் தாமாக எழுந்தால், நமக்கு அவை வட்டமாகவும், கதிராகவும், சாய்ந்து சென்றால் சுருளாகவும் தோன்றும். வீசியெறிந்த வலை நீரில் வட்டமாக விரிகிறது, கரையில் உலர்த்தும்போது நீளமாகத் தொங்குகிறது, வலை ஒன்றுதான். நாம் கண்மூடிக் காணும் சக்கரம், நம் மூளையின் பின்னலையே நாம் காண்பதாகும்.

இனி, அன்று மாலை நிகழ்ந்ததன் எஞ்சிய பகுதியைக் கூறவேண்டும். என் நண்பன் தயங்கியவாறு, "அப்படியெண்டால், சேர், கண்ணை மூடிக் கடவுளைக் காணேலாதா?" என்று கேட்டான். கேள்வி எளியதன்று. வடலூரிலே சோதி வழிபாட்டை நிறுவிய வள்ளலாரை வணங்கும் வீட்டுப் பிள்ளைகள் எங்களுள் இருந்தனர். ஆசிரியர் சிறிது நேரம் வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் விபுலாநந்த அடிகளை எடுத்துக் காட்டினார். காரைதீவிலே 1892 இற் பிறந்த அடிகளார் விஞ்ஞானம் கற்பித்தவர்; 1920 இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர்; 1924 இற் சந்நியாசம் ஏற்றவர். யாழின் சுருதிகளைக் கணிதத்தால் அளந்து 'யாழ் நூல்' இயற்றியவரும் அவரே. நமது வாவியின் நீருக்குள் எழும் இசையைக் கேட்டு உள்ளம் உருகியவரும் அவரே. "அளந்து பார்த்ததால் அவருக்குப் பக்தி குறையவில்லை. ஆராயாமல் நம்புவதுதான் பக்தி என்று எவரும் உங்களுக்குச் சொல்லவேண்டாம்" என்றார்.

அதன்பின் அவர் கூறிய இரண்டு வாக்கியங்களே இக்கட்டுரையின் உயிர். "எல்லாருக்கும் தோன்றுவது உனக்கும் தோன்றினால் பெருமைப்படாதே. இதுவரை தோன்றாதது புதிதாகத் தோன்றினால் சும்மா இராதே. எந்தக் கண், எந்த இடம், எப்போது தொடங்கியது என்று கேள்." முதல் வாக்கியம் என் தலைக்கனத்துக்கு நேரே விழுந்த குட்டு, ஆதலால் அது மறக்கவில்லை. இரண்டாவது வாக்கியத்துக்கு அன்று ஒரு தேவையும் இருக்கவில்லை. அது வாவிக் காற்றோடு போயிற்று.

ஆண்டுகள் பல கழிந்தன. நான் ஆசிரியத் தொழிலை ஏற்றேன்; நண்பன் தபாலதிபரானான். விஞ்ஞானம் கற்பிக்கும் ஒவ்வோர் ஆண்டும் கோயில் மணி உவமையைக் கூறி, பிள்ளைகளைக் கண்மூடச் செய்து, அவர்கள் "மூக்குப் பக்கம்!" என்று கூவக் கேட்டு மகிழ்வேன். 2003 ஆம் ஆண்டு ஒரு மாலை நண்பன் துவிச்சக்கர வண்டியிலே என் வீட்டுக்கு வந்தான். அவன் சந்தி விளக்கு வைத்துத் தியானம் செய்யும் வழக்கமுடையவன். தேநீர் அருந்தும்போது, "மச்சான், நாலைந்து நாளாக இருட்டுக்குள்ள இருந்தால் மின்னல் வெட்டுது. கண்ணை மூடினாலும் வெட்டுது" என்றான். அவன் குரலில் அச்சமும் இருந்தது. அருள் கிட்டியதோ என்னும் ஒரு மெல்லிய மகிழ்ச்சியும் இருந்தது.

நான் சிரித்தேன். சிரித்தேன் என்று எழுதுவதற்கு இன்றும் கை கூசுகிறது. "டேய், நாற்பது வருஷத்துக்கு முந்தியே வாவிக்கரையில் படித்த பாடம்தானே? எல்லாருடைய கண்ணிலும் இது உண்டு" என்று கூறி, புர்க்கினே முதல் அப்பல்லோ வரை ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினேன். அவனும் ஆறுதலடைந்து போனான். எந்தக் கண் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வலக்கண் என்று கூறியிருப்பான். எந்த இடம் என்று கேட்டிருந்தால், காதோரமாக ஒரு வளைந்த கீற்று, கண்ணை அசைக்கும்போதெல்லாம் வருகிறது என்று கூறியிருப்பான். கண்முன் புதிதாகச் சில கரும்புள்ளிகள் கொசுப்போலப் பறக்கின்றன என்பதையும் கூறியிருப்பான். இவையனைத்தையும் பின்னர்த்தான் அறிந்தேன்.

மூன்று வாரங்களின் பின், அவனுடைய வலக்கண்ணிலே கீழிருந்து மூக்குப் பக்கமாக ஒரு கருந்திரை எழுந்தது. நோவு சிறிதும் இல்லாமையால் அவன் இன்னும் இரண்டு நாட்கள் பொறுத்தான். மருத்துவர் பார்த்தபொழுது, விழித்திரை கிழிந்து, சுவரிலிருந்து ஈரக் கடதாசி கழல்வதுபோல் பெரும்பகுதியும் கழன்றிருந்தது. இருமுறை சத்திரசிகிச்சை செய்தும் அக்கண்ணிற் பார்வை மீளவில்லை. போர் நடந்த ஆண்டுகளாயின், அடைபட்ட பாதைகளையும் சோதனைச் சாவடிகளையும் பழி கூறியிருக்கலாம். அது சமாதானக் காலம். வலையிறவுப் பாலத்தைத் தாண்டி எவரும் வந்து போகலாம். நண்பனை மருத்துவரிடம் செல்லவிடாது தடுத்தது என் வாய்ச்சொல் ஒன்றே.

நிகழ்ந்தது என்னவெனில், கண்ணின் உட்புறத்தைக் கூழ் போன்ற தெளிந்த பொருளொன்று நிரப்பி நிற்கிறது. வயது செல்லச்செல்ல அது நீர்த்துச் சுருங்கி, விழித்திரையை விட்டுப் பிரியும். ஐம்பது அறுபது வயதைக் கடந்தோரில் இது பெரிதும் நிகழ்வது, பெரும்பாலும் தீங்கற்றது. ஆனால் பிரியும்போது அக்கூழ் விழித்திரையைப் பற்றி இழுக்கும். விழித்திரைக்கு நோவு தெரியாது. இழுத்தாலும் கிழித்தாலும் அது ஒளியென்றே கூறும். அதுவே அந்த மின்னல். சிலருக்கு அவ்விழுப்பில் விழித்திரை கிழிந்துவிடுகிறது. குறும்பார்வையுடையோர், கண்ணிற் காயம்பட்டோர், வெண்புரை நீக்கிக்கொண்டோர், குடும்பத்தில் இந்நோய் உள்ளோர் ஆகியோருக்கு இவ்வாபத்து மிகுதி. கிழிசலின் வழியே நீர் உட்சென்றால் விழித்திரை கழலும். சுவிற்சர்லாந்து லொசான் நகரத்து மருத்துவர் ஜூல் கொனன், கிழிசலைத் தேடிக்கண்டு சூட்டினால் மூடும் முறையை 1920 அளவிற் கண்டறியும் வரை, விழித்திரை கழன்ற கண் ஏறக்குறைய எப்பொழுதும் குருடாகவே முடிந்தது. இக்காலத்தில், கழலுமுன் கண்டுவிட்டால், லேசர் ஒளியாற் சில நிமிடங்களில் கிழிசலைச் சூழ ஒட்டிவிடுகிறார்கள்.

கோயில் மணி உவமையிற் பிழையில்லை. மணியடித்தவர் யார் என்று எழுந்து சென்று பார்க்க வேண்டும் என்பதை நான் கற்பிக்கவில்லை, கற்கவுமில்லை. சில வேளைகளில் அது வௌவாலாக இருக்கும். சில வேளைகளிற் கூரையே இடிந்து விழுந்துகொண்டிருக்கும்.

நண்பனிடம் மன்னிப்புக் கேட்கச் சென்றேன். அவன் சற்று நேரம் பேசாதிருந்தான். "நீ சொன்னது எனக்குப் பிடிச்சிருந்தது, அதனாலதான் வேறு ஆளிட்டக் கேட்கேல்ல" என்றான். என்னைத் தேற்றுவதற்காகக் கூறியதா, உண்மையையே கூறியதா என்று இன்றளவும் அறியேன். பின்னர் ஒரு செய்தி கூறினான். பார்வையிழந்த அக்கண்ணிலும் ஒளி தோன்றுகிறதாம். தியானத்தில் அமர்ந்தால் இரு பக்கமும் ஒன்றுபோலவே சக்கரம் சுழல்கிறதாம். அது வியப்பன்று. 1929 இல் ஒட்பிரிட் பேர்ஸ்ரர் என்னும் ஜேர்மானிய மருத்துவர், ஒருவருடைய மூளையின் பார்வைப் பகுதியை மின்னாற் தூண்டியபோது அவர் ஒளிப்புள்ளியைக் கண்டார். 1968 இல் இங்கிலாந்திற் பிரிண்ட்லி, லூயின் என்னும் இருவர் பார்வையற்ற ஒரு பெண்ணின் மூளைமேல் 80 மின்வாய்களை வைத்து, அவருக்கு ஒளிப்புள்ளிகள் தோன்றச் செய்தனர். பார்வையற்றோருக்குச் செயற்கைப் பார்வை தர இன்று நடைபெறும் முயற்சிகளுக்கு அது வழிதிறந்தது. கண் போனாலும் ஒளியின் இருப்பிடம் போவதில்லை. இதனை விளக்க வாயெடுத்த நான், அன்று முதன்முறையாகப் பேச்சை நிறுத்திக்கொண்டு, "எப்போதிருந்து? எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். அவன் சிரித்தான்.

2012 இல் என் முறை வந்தது. ஒரு விடியற்காலை, இருளில் எழுந்து வாயிற்கதவைத் திறந்தபோது, இடக்கண்ணின் ஓரத்திலே முகத்துவாரம் வெளிச்சவீட்டின் கதிர்போல் ஒரு கீற்று வீசி மறைந்தது. மீண்டும் கண்ணை அசைத்தேன், மீண்டும் வீசியது. நண்பனுக்குத் தொலைபேசியிற் கூறினேன், பகற்பொழுதிற் போகலாம் என்னும் எண்ணத்தோடு. அவன் காரணம் எதனையும் கேட்கவில்லை. ஒரு முச்சக்கர வண்டியை அமர்த்திக்கொண்டு, நான் முகங்கழுவி முடிக்குமுன் வந்து நின்றான். மருத்துவர் என் விழித்திரையில் குதிரைக் குளம்பு வடிவமான ஒரு சிறு கிழிசலைக் கண்டு, அன்றே லேசரினால் ஒட்டினார். ஒற்றைக் கண்ணுடைய அந்த மனிதன் வாங்கில் அமர்ந்து, மூன்று மணி நேரம் எனக்காகக் காத்திருந்தான். என் இடக்கண்ணை நான் அவனிடமிருந்து பெற்றதாகவே கொள்கிறேன். இக்கட்டுரையை அக்கண்ணின் துணையோடுதான் எழுதுகிறேன். அவனைப் பற்றி எழுத அவனே இசைவு தந்தான்.

இம்மலரை வாசிக்கும் பழைய மாணவர் பலரும் அறுபதைக் கடந்தவர்கள். ஆகையால் ஆசிரியர் விட்டுச்சென்ற இரண்டாம் வாக்கியத்தைச் சற்று விரித்துக் கூற அனுமதிப்பீராக. இரு கண்ணையும் மூடியவுடன் தோன்றும் மணற்புள்ளிகளும், நிறத்திட்டுக்களும், துயில் வருமுன் தோன்றும் கோலங்களும் யாவருக்கும் உரியன. இளமை முதல் உடன் இருப்பன. ஒளிரும் மதிற்பல் போன்ற வளைவு ஒன்று நடுவிலே தோன்றி, இருபது முப்பது நிமிடத்தில் மெல்ல விரிந்து மறையுமாயின், அது ஒற்றைத் தலையிடியின் முன்னோடியாக இருத்தல் கூடும். எந்தக் கண்ணை மூடினாலும் அது தெரியும். முதன்முறை வந்தால் மருத்துவரிடம் கூறுதல் நன்று. ஆனால் ஒரு கண்ணில் மட்டும், ஓரத்திலே, புதிதாக மின்னல் வெட்டினால், கரும்புள்ளிகள் திடீரெனச் சொரிந்தால், அல்லது ஒரு பக்கத்திலிருந்து திரை மூடி வந்தால், நோவு இல்லையே என்று பொறுக்கவேண்டாம். நாளை என்று கூறவேண்டாம். அன்றே கண் மருத்துவரைக் காணுங்கள். பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பினால், அந்த வார்த்தை மருத்துவர் வாயிலிருந்து வந்ததாக இருக்கட்டும். என் போன்ற நண்பன் வாயிலிருந்து வந்ததாக இருக்கவேண்டாம்.

ஆசிரியர் மறைந்து நெடுங்காலமாயிற்று. விழா நாளன்று பழைய மாணவராகிய நாம் மீண்டும் ஒன்றுகூடித் தேவாரம் ஓதி, கற்பூரம் காட்டியபின் கண்களை மூடுவோம். பச்சை நிறச் சுடர் மிதந்து கரையும், சக்கரங்கள் சுழலும். எனக்கு அருகே என் நண்பனும் அமர்ந்திருப்பான். அவன் காண்பதும் நான் காண்பதும் அப்பொழுது ஒன்றாகவே இருக்கும். அந்த ஐந்து நிமிடம் முடிந்து கண்ணைத் திறக்கும்போது, எதிரே வாவி தெரிய வேண்டும். அது நம் எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்பதே என் பிரார்த்தனை.